பெருக்குவதற்கு முன் டிரான்ஸ்பார்மரைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் பிளஸ் ஒன் கணக்குக்கான மாதிரி வினாக்கள் வந்திருந்தன. அதில் ஒன்று: ஓர் ஊரில் இரண்டு மோட்டார்கள் உள்ளன, ஒவ்வொன்றும் பழுதாகும் நிகழ்தகவு 1/10, இரண்டும் ஒரே நாளில் பழுதாகும் நிகழ்தகவு என்ன? விடை 1/100 என்று போட்டிருந்தீர்கள். இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்று வினாவில் எங்கும் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கணக்குக்கு விடையே கிடையாது. முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. இதே கணக்கை, ஏறக்குறைய இதே எண்களோடு நம்பித்தான் எங்கள் ஊர் ஒரு சம்பாவை இழந்தது.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எங்களுக்குக் கடைசியாக வரும். ஐப்பசி, கார்த்திகையில் மேலே பெய்வதெல்லாம் முதலில் எங்கள் வயலில் வந்து நிற்கும். எனக்கு ஒன்பது மா நிலம், ஏறக்குறைய மூன்று ஏக்கர். 2020-இல் ஊரார் சேர்ந்து, வயல் தண்ணீரை வரப்புக்கு மேலே தூக்கி வடிகாலில் விட இரண்டு மோட்டார் வாங்கினோம். மாவுக்கு இவ்வளவு என்று வசூல். பணம் கொடுக்கத் தயங்கியவர்களிடம், "ஒண்ணு நின்னா இன்னொண்ணு ஓடும். ரெண்டும் சேர்ந்து நிக்கிறது நூத்துல ஒரு நாள்தான்" என்று கூட்டத்தில் எழுந்து சொன்னவள் நான்தான். டீச்சரே சொல்கிறார் என்று கொடுத்தார்கள்.

டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி புயல் வந்தது. இரண்டாம் நாள் ராத்திரி டிரான்ஸ்பார்மர் போயிற்று. இரண்டு மோட்டாருக்கும் ஒரு குறையும் இல்லை, கரண்ட்தான் இல்லை. ஐந்து நாள் கழித்து லைன் வந்தபோது, கதிர் வெளிவரும் முன் பொதி கட்டியிருந்த சி.ஆர். 1009 நெற்பயிர் அடியோடு அழுகிப்போயிருந்தது.

அந்த ஐந்து நாளும் தூக்கம் வராமல் நான் போட்ட கணக்கு இது. புயல் நாளில் டிரான்ஸ்பார்மர் படுக்க இரண்டில் ஒரு வாய்ப்பு என்று வையுங்கள். அது படுத்தால் இரண்டு மோட்டாரும் கட்டாயம் நிற்கும். படுக்காத பாதியில் மட்டும்தான் 1/10 × 1/10 என்ற பெருக்கல் செல்லும். ஆக 1/2 + 1/2 × 1/100, அதாவது 101/200. நூறு புயல் நாளில் ஒரு நாள் என்று நான் சொன்னது, உண்மையில் ஐம்பது நாளுக்கும் மேல்.

ஒரு மோட்டாருக்குப் பதில் பழைய டீசல் எஞ்சின் ஒன்று வாங்கியிருந்தால்? அது ஐந்தில் ஒரு தடவை கிளம்பாது என்றே வைப்போம். மோட்டாரை விட மட்டமான வண்டிதான். ஆனால் அது டிரான்ஸ்பார்மரை நம்பி இல்லை. கரண்ட் மோட்டார் நிற்கும் வாய்ப்பு 1/2 + 1/2 × 1/10, அதாவது 11/20, எஞ்சின் நிற்கும் வாய்ப்பு 1/5. இரண்டும் நிற்பது 11/100. ஐம்பது பதினொன்றாகக் குறைந்துவிடுகிறது! (டீசலை மழைக்கு முன்பே வீட்டில் வாங்கி வைத்திருக்க வேண்டும். ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டால் பெட்ரோல் பங்குக்குப் போக முடியாது. அப்போது அதுவும் மழையைச் சார்ந்ததாகிவிடும்.)

பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லித் தர வேண்டும் என்கிறேன். இரண்டு நிகழ்ச்சிக்கும் பின்னால் பொதுவாக ஏதும் நிற்கிறதா என்று பார்த்த பிறகே பெருக்க வேண்டும். நின்றால், முதலாவது நடந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு இரண்டாவதை அளந்து, அந்த எண்ணால் பெருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் நிபந்தனை நிகழ்தகவு என்று வருவது இதுதான்.

பெருக்கக் கூடாததைப் பெருக்கி ஒரு தாயைச் சிறைக்கே அனுப்பியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற பெண்ணின் இரண்டு கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறப்பது 8,543-இல் ஒன்று, இரண்டு இறப்பது அதன் வர்க்கம், ஏறக்குறைய 7.3 கோடியில் ஒன்று என்று மருத்துவ நிபுணர் ஒருவர் சாட்சி சொன்னார். 1999-இல் கொலைக் குற்றவாளி என்று ஆயுள் தண்டனை. ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே ரத்தம், ஒரே வீடு, எப்படிப் பெருக்கலாம்? அந்தக் கணக்குக்கு அடிப்படையே இல்லை என்று ராயல் புள்ளியியல் சங்கம் 2001-இல் அறிவித்தது. 2003-இல் மேல்முறையீட்டில் வெளியே வந்தார். நான்கு வருஷத்தில் இறந்தும் போனார். இதை ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் சொல்வேன். சொல்லிக்கொண்டிருந்தவளே ஊர்க்கூட்டத்தில் மறந்தேன்.

சார்ந்தது என்றாலே விடை மாறிவிடும் என்றும் இல்லை. எங்கள் தெருவில் இருபது பெண்கள் குலுக்கல் சீட்டு போடுகிறோம். முதல் மாசமே சீட்டு விழாதவர்களுக்கு நஷ்டம் என்று ஒரு சண்டை வந்தது. முதல் மாசம் ஒருத்திக்கு விழ 1/20. இரண்டாம் மாசம் விழ, முதலில் விழாதிருக்க 19/20, பிறகு மிச்சம் பத்தொன்பதில் விழ 1/19. பெருக்கினால் அதே 1/20. கடைசி மாசம்வரை இப்படியே. காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகுதான் சண்டை அடங்கியது.

அறுவடையைப் பாருங்கள். தை, மாசியில் மழை வருவது, பயிர் சாய்வது, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டி நெல் திரும்பி வருவது, மூன்றும் தனித்தனியே ஐந்தில் ஒன்று என்று எடுத்துக்கொண்டு பெருக்கினால் 125-இல் ஒன்று, பயமே வேண்டாம். ஆனால் மழை பெய்தால் சாய்வது ஐந்தில் நாலு, சாய்ந்து நனைந்தால் ஈரம் ஏறுவது பத்தில் ஒன்பது என்று வைத்தால் 1/5 × 4/5 × 9/10. ஏறக்குறைய ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை! அன்றைக்கு டயர் வைத்த அறுவடை வண்டி வயலில் இறங்காது. பெல்ட் வண்டிக்கு ஊரே காத்துக் கிடக்கும்.

தாங்கள் செய்ய வேண்டியது இரண்டு. அந்த வினாவுக்குத் திருத்தம் வெளியிடுங்கள். அதோடு இரண்டு மோட்டாரும் ஒரே டிரான்ஸ்பார்மரில் ஓடினால் விடை என்ன என்று அடுத்த வாரமே இன்னொரு வினா கேளுங்கள். எண்கள் மேலேயே இருக்கின்றன, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எங்கள் தெருப் பிள்ளைகள் தங்கள் மாணவர் பக்கத்தை வாராவாரம் கத்தரித்து நோட்டில் ஒட்டுகிறார்கள். வேறு எங்கோ மூலையில் போடாமல் அதே பக்கத்தில் போட்டால், பழைய விடைக்குப் பக்கத்திலேயே இதையும் ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை,
திருத்துறைப்பூண்டி வட்டம்