தலை நிக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

குழந்தை நலம் பத்தி உங்க பேப்பர்ல நிறைய வருது, ஆனா டார்டிகாலிஸ் பத்தி, அதாவது பச்சக்குழந்தைக்கு தலை ஒரு பக்கம் சாய்ஞ்சு முகவாய் எதிர்ப்பக்கம் திரும்பியே இருக்கிறத பத்தி வந்ததா ஞாபகம் இல்ல. நான் குழந்தைங்களுக்கு பிசியோதெரபி பண்றவ. "தலை நின்னதும் தானா சரியாயிடும்னு சொன்னாங்க"ன்னு ஏழெட்டு மாசக் குழந்தைய தூக்கிட்டு வர்றவங்கதான் ஜாஸ்தி, அந்த கோவத்துலதான் எழுதறேன்.

பிறவியில வர்றதுக்கு பெரும்பாலும் காரணம் ஒரே ஒரு தசை, காதுக்குப் பின்னாடியிருந்து காறை எலும்பு வரைக்கும் இறங்குறது. வலது பக்கத் தசை குறுகிட்டா தலை வலப்பக்கம் சாயும், முகம் இடப்பக்கம் பாக்கும். சில குழந்தைக்கு தசையில இறுக்கமே இருக்காது, ஒரே பக்கமா திரும்பிப் படுக்கிற பழக்கம்தான். சிலதுக்கு நிஜமாவே இறுகியிருக்கும். இன்னும் சிலதுக்கு பிறந்த சில வாரத்துல கழுத்துல கெட்டியா ஒரு கட்டி தட்டுப்படும், கேன்சரோன்னு வீடே அழுதுடும், ஆனா அது தசைக்குள்ள நார் நாரா தடிச்சுப் போனதுதான், அல்ட்ராசவுண்ட் பாத்தா தெரிஞ்சிடும், சில மாசத்துல கரைஞ்சும் போகும். கட்டி போனாலும் இறுக்கம் தங்கிடலாம், அதனால இந்த வகைக்குத்தான் அதிக நாள் ஆகும்.

வைத்தியம் ரொம்ப சிம்பிள், பொறுமைதான் வேணும். தசைய மெதுவா இழுத்து விடுற பயிற்சிய நாங்க கையில காட்டித் தருவோம், டயப்பர் மாத்தறப்பல்லாம் செய்யலாம். குழந்தை எந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்குதோ அந்தப் பக்கம் நின்னு கூப்பிடுங்க, பொம்மையையும் அங்கேயே ஆட்டுங்க. முழிச்சிருக்கப்ப பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டே குப்புற போடுங்க, தூங்க வைக்கிறது மட்டும் எப்பவும் மல்லாக்கதான், தலையை சரி பண்ணும்னு விக்கிற தலையணையெல்லாம் வேண்டவே வேண்டாம். முதல் மாசத்துலயே ஆரம்பிச்சா பெரும்பாலும் ரெண்டு மூணு மாசத்துல சரியாயிடும், 6 மாசம் தாண்டி வந்தா அதே வேலைக்கு 9, 10 மாசம்கூட இழுக்கும், அதுக்குள்ள மண்டை ஒரு பக்கம் தட்டையாகி முகமும் கோணிடலாம். ஆபரேஷன் கொஞ்சம் பேருக்குத்தான், அதுவும் மாசக்கணக்கா பயிற்சி குடுத்தும் சரியாகலைன்னா, பொதுவா 1 வயசுக்கு மேல. இந்தக் குழந்தைங்கள்ல சிலருக்கு இடுப்பு மூட்டும் சரியா அமைஞ்சிருக்காது, அதையும் பாத்துடச் சொல்லுங்க.

டாக்டர்கிட்ட காட்டாம யாரும் கழுத்தைப் பிடிச்சு இழுக்கவோ நீவவோ கூடாது. கழுத்தெலும்பே கோணலா உருவாகியிருந்தா இழுக்கிறது ஆபத்து. கண் தசை பலவீனமா இருந்தா குழந்தை நேரா பாக்கறதுக்காகவே தலைய சாய்க்கும், அங்க கழுத்துப் பயிற்சியால ஒண்ணும் நடக்காது. பால் எதுக்களிக்கிறதால உடம்ப முறுக்குற குழந்தையும் உண்டு, திடீர்னு சாய்ஞ்சு சில மணி நேரமோ சில நாளோ இருந்துட்டு தானா சரியாகி, அடுத்த தடவை இன்னொரு பக்கம் சாயற விதமும் உண்டு. நேத்து வரைக்கும் நேரா இருந்த கழுத்து இன்னிக்கு சாய்ஞ்சு, கூடவே காய்ச்சல், வாந்தி, சோர்வு இருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போயிடணும்.

குழந்தை எலும்பு டாக்டர் யார்கிட்டயாவது ஒரு கட்டுரை வாங்கி, தலை எப்படி சாய்ஞ்சிருக்கும்னு படத்தோட போடுங்க சார், படிச்சத விட பாத்ததுதான் அம்மாக்களுக்கு டக்குனு மனசுல நிக்கும்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்