துர்க்மெனிஸ்தான்: விசாவுக்கு முன்னால் ஒரு கடிதம் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த துர்க்மெனிஸ்தான் பயணக் கட்டுரையில், தலைநகர் அஷ்காபாத்தின் விமான நிலையத்தில் இறங்கியதும் விசா கொடுத்துவிடுகிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. வரி சரிதான், ஆனால் பாதிதான் வந்திருக்கிறது. அழைப்புக் கடிதம் கையில் இருப்பவருக்கு மட்டுமே அங்கே விசா ஒட்டுவார்கள். அது இல்லாமல் டிக்கெட் எடுத்தவரை துபாயிலோ இஸ்தான்புல்லிலோ விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். மத்திய ஆசியாவுக்குக் குழுப் பயணம் போக நினைக்கும் உங்கள் வாசகர்கள் பணத்தை இழக்கக்கூடாது என்பதற்காக, விட்டுப்போன பாதியை எழுதுகிறேன்.

பயணத் தொழிலில் இந்த அழைப்புக் கடிதத்தை எல்.ஓ.ஐ. (Letter of Invitation) என்போம். நாம் நேரடியாகக் கேட்டு வாங்க முடியாது. அந்நாட்டில் உரிமம் பெற்ற பயண நிறுவனம் நம் சார்பில் குடியேற்றத் துறைக்கு விண்ணப்பிக்கும். பாஸ்போர்ட் நகல், புகைப்படம், படிப்பு, வேலை விவரம் எல்லாம் போக வேண்டும். பதில் வர சில சமயம் இரண்டு வாரம், சில சமயம் ஒரு மாதத்துக்கும் மேல். நிராகரித்தால் காரணம் சொல்லமாட்டார்கள், மேல்முறையீடும் கிடையாது. பத்திரிகை, காவல், ராணுவம் என்று வேலை விவரத்தில் இருந்தால் சிக்கல் அதிகம். அதற்காக வேலையை மாற்றி எழுதிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எல்லையில் அகப்பட்டால் குழுவே நிற்கும். ஆகவே பயணத் தேதிக்கு இரண்டரை மாதம் முன்பே விண்ணப்பம் போய்விட வேண்டும். கடிதம் வந்த பிறகுதான், திரும்பப்பெற முடியாத விமான டிக்கெட்டில் கைவைக்க வேண்டும். மின்விசா வரப்போகிறது என்ற அறிவிப்பு 2025இல் வந்தது. அதை நம்பித் திட்டமிடுபவர்கள், தாங்கள் விண்ணப்பிக்கும் வாரத்தில் எது நடப்பில் இருக்கிறது என்பதை அங்குள்ள நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

இதில் தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு, அது பெயர். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். சிலருக்குத் தந்தை பெயர் அங்கே இருக்கும், சிலருக்கு முதலெழுத்து மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். விண்ணப்பப் படிவமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். உடனே நிரப்புகிறவர் தந்தை பெயரைத் தூக்கி ஒன்றில் போட்டுவிடுவார். கடிதத்தில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்றாகி, எல்லையில் இருக்கும் சிப்பாய் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்து ஒதுக்கி நிறுத்திவிடுவார். பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அதில் எப்படியோ அப்படியே எழுத வேண்டும். ஒற்றைப் பெயர்க்காரர்கள் துபாய் வழியாகப் போவதானால் கூடுதல் கவனம் தேவை: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள சுற்றுலா விசாக்காரர்களை உள்ளே விடுவதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. விமானம் மாறுவதோடு நில்லாமல் நடுவில் ஊர் சுற்றிப் பார்க்க இறங்க நினைப்பவர்கள் முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து உஸ்பெகிஸ்தான் கணக்கு. பெரும்பாலான குழுக்கள் உஸ்பெகிஸ்தானின் கீவா நகரிலிருந்து ஷவாத் எல்லை வழியாகத் தாஷோகுஸுக்குள் நுழைந்து, கோன்யே உர்கெஞ்ச், தர்வாசா, அஷ்காபாத், மாரி, துர்க்மெனாபாத் என்று சுற்றி, ஃபாராப் எல்லையைக் கடந்து புகாராவுக்கு வந்துவிடும். அதாவது உஸ்பெகிஸ்தானுக்குள் இரண்டு முறை நுழைகிறோம். அந்நாட்டின் மின்விசாவில் ஒருமுறை நுழைவு, இருமுறை நுழைவு என்று தனித்தனியே உண்டு. 15 டாலர் மிச்சம் பிடிக்க ஒருமுறை விசா எடுத்தவருக்கு ஃபாராப் தாண்டியதும் போக இடமிருக்காது: துர்க்மென் விசா முடிந்துவிட்டது, உஸ்பெக் விசாவும் தீர்ந்துவிட்டது. அழைப்புக் கடிதத்தில் குறித்த எல்லை வழியாகத்தான் நுழையவும் வெளியேறவும் வேண்டும். நாள் தவறினாலும் இதே கதிதான். ஒருநாள் தாமதமாக நுழைந்தால் அந்த ஒருநாள் போனது போனதுதான். கடைசித் தேதி நகராது.

பணம் முழுக்க டாலர் நோட்டாக வேண்டும். நம்மூர் கார்டுகளை நம்பிப் போகக்கூடாது. கிழிசல், பேனா கிறுக்கல், முத்திரை, நடுவில் அழுத்தமான மடிப்பு இருக்கும் நோட்டைத் தள்ளிவிடுவார்கள். எல்லையில் விசாக் கட்டணம், குடியேற்ற அட்டைக் கட்டணம் என்று ரொக்கமாகக் கட்ட ஆளுக்கு 150 டாலர் தனி உறையில் இருக்கட்டும். கோவிட் பரிசோதனைக் கட்டணத்தை மற்ற நாடுகள் விட்ட பிறகும் அங்கே நெடுநாள் வாங்கினார்கள். இதெல்லாம் அநேகமாகத் தொகுப்புக் கட்டணத்தில் சேர்ந்திருக்காது. வங்கியில் ஒரு டாலருக்கு, அந்நாட்டு நாணயமான மனாத் 3.5 கிடைக்கும். 2015 ஜனவரியிலிருந்து அதே விலைதான். வெளியில் அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல் கொடுக்கிறார்கள். வெளியில் மாற்றுவது சட்டப்படி குற்றம். கடையில் யாராவது காதோரம் வந்து கேட்டாலும் ஒதுங்கிவிடுங்கள். மூன்று வேளைச் சாப்பாடும் கட்டணத்தில் அடங்கிய தொகுப்பை எடுத்தால் மனாத்தின் தேவையே குறைந்துவிடும். நுழையும்போது எவ்வளவு டாலர் கொண்டுவந்தோம் என்று படிவத்தில் எழுதிய நகலை வெளியேறும்வரை தொலைக்கக்கூடாது.

வழிகாட்டி இல்லாமல் சுற்ற முடியாது என்று உங்கள் கட்டுரையாளர் சலித்துக்கொள்கிறார். சுற்றுலா விசாவின் நிபந்தனையே அதுதான். தலைநகருக்குள் தனியாகக் காலாற நடக்கலாம். ஊர் எல்லை தாண்டினால் வழிகாட்டியும் வண்டியும் கூடவே வரும். மூன்று வேலை நாளுக்கு மேல் தங்குகிறவர்கள் குடியேற்றத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த அலைச்சலையும் வழிகாட்டியே பார்த்துக்கொள்வார். அவரைக் காவலாளிபோல நடத்துபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அதிபர் மாளிகை, அரசு அலுவலகங்கள், சீருடைக்காரர்கள், எல்லைச்சாவடி ஆகியவற்றைப் படமெடுக்கக்கூடாது. நாம் படமெடுத்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். இரவு 11 மணிக்கு மேல் அஷ்காபாத் தெருவில் நடமாட்டம் இருக்காது, அறைக்குத் திரும்பிவிட வேண்டும். வாட்ஸ்அப், யூடியூப், ஃபேஸ்புக் எதுவும் திறக்காது. வீட்டில் இருப்பவர்களிடம் "நாலைந்து நாள் தொடர்பு இருக்காது" என்று முன்பே சொல்லிவிட்டுப் போவது நல்லது.

இனி, எல்லாரும் பார்க்கத் துடிக்கும் தர்வாசா எரிவாயுக் குழி. அஷ்காபாத்துக்கு வடக்கே சுமார் 260 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து மூன்று மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். சாலை அவ்வளவு மோசம், ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து போகும் கடைசி ஏழு கிலோமீட்டர் மணல். நான்கு சக்கர இயக்க வண்டி இல்லையென்றால் சக்கரம் புதைந்துவிடும். ஆகவே என்ன வண்டி, வண்டிக்கு எத்தனை பேர் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். குழியின் குறுக்களவு சுமார் 70 மீட்டர், ஆழம் 30 மீட்டர். 1971இல் சோவியத் பொறியாளர்கள் தீ வைத்தார்கள் என்று கட்டுரை அடித்துச் சொல்கிறது. அதற்கு ஆவணம் இல்லை. 2013இல் குழிக்குள் இறங்கி மண் மாதிரி எடுத்த கனடா நாட்டு ஆய்வுப் பயணி ஜார்ஜ் குரூனிஸிடம் உள்ளூர் நிலவியலாளர்கள், 1960களில் நிலம் உள்வாங்கியது, 1980களில்தான் தீப்பிடித்தது என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னொன்றையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும்: பழைய படங்களில் இருக்கும் தீ இப்போது இல்லை. சுற்றிலும் கிணறு தோண்டி வாயுவை இழுப்பதால் நெருப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதாக 2025 ஜூனில் அந்நாட்டு அதிகாரிகளே அறிவித்தார்கள். பழைய படத்தைப் போட்டு விற்கும் விளம்பரத்தை நம்பி, அந்த ஒரு குழிக்காக மட்டும் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். 1221இல் மங்கோலியர் அழித்த மெர்வ் நகரின் இடிபாடுகளுக்கும், கோன்யே உர்கெஞ்சின் 60 மீட்டர் உயர குத்லுக் திமூர் மினாராவுக்கும் ஒரு முழுப் பகல் வீதம் ஒதுக்கும் குழுவாகப் பார்த்துச் சேருங்கள். பல நிறுவனங்கள் மெர்வை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகின்றன. அது பெரிய அநியாயம்.

ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். கோடையில் கராகும் பாலைவனம் 45 டிகிரியைத் தாண்டும். குளிர்காலத்திலோ கூடார வீட்டுக்குள்ளும் இரவு உறையும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ரொட்டி, தக்காளி, வெள்ளரி, முலாம்பழம், கீரை வைத்து மடித்துச் சுட்ட குதாப் ரொட்டி கிடைக்கும். புலாவில் ஆட்டுக்கறி இல்லாமல் சமைக்கமாட்டார்கள். கறியை ஒதுக்கிவிட்டுத் தருவதைத்தான் சிலர் சைவம் என்று நினைக்கிறார்கள். ஆளுக்கு அரைக் கிலோ புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் பெட்டியில் இருந்தால் வழிகாட்டிக்கும் தொல்லை குறையும். டிராமடால், கோடீன் கலந்த வலி மாத்திரைகளைக் கொண்டுபோகவே வேண்டாம். கம்பளம் வாங்கினால், பழம்பொருள் அல்ல என்று அஷ்காபாத் கம்பள அருங்காட்சியக நிபுணர் குழு தரும் சான்று இல்லாமல் வெளியே எடுத்துப்போக முடியாது. அங்கே ஓய்வு நாள் குறுக்கிடும் என்பதால் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

முன்பணம் கட்டும்போது மூன்று விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: எல்.ஓ.ஐ. நிராகரிக்கப்பட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், குழுவில் ஒருவருக்கு மட்டும் வராமல் போனால் மற்றவர்களின் கட்டணம் ஏறுமா, துர்க்மெனிஸ்தான் பயணமே நடக்காமல் போனால் அந்த நாள்களுக்கு உஸ்பெகிஸ்தானில் மாற்றுத் திட்டம் என்ன. இதற்குப் பதில் தராமல் முழுப் பணமும் கேட்கிற நிறுவனத்தை விட்டுவிடலாம்.

இலையுதிர்காலப் பயணத்துக்கு ஆட்கள் பதிவு செய்யும் நேரம் இது. கட்டுரையின் அந்த ஒரு வரிக்கு அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மத்திய ஆசியக் குழுப் பயண ஏற்பாட்டாளர்,
சென்னை