கேரவன் தோப்பில் நிற்கட்டும், கடலுக்கு டவுன் பஸ் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரவன் சுற்றுலா பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் அந்த வண்டிகள் நம் பக்கமும் வரட்டும், எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் கடலூரிலிருந்து புதுச்சேரி வரை, வண்டியை அலைக்கு எதிரிலேயே கொண்டுபோய் நிறுத்துகிற மாதிரி சாலையும் இடமும் செய்து தர வேண்டும் என்று எழுதியிருந்ததே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவள் நான். இங்கே அது வேண்டவே வேண்டாம்.

பொங்கல் விடுமுறைக்கு என் அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்திருந்தான். "அத்தை, நீங்களும் வாங்க, கடற்கரையிலேயே படுத்துத் தூங்கலாம்" என்றான். வண்டியைக் குண்டுசாலைப் பக்கம் தெரிந்தவருடைய தென்னந்தோப்பில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். ராத்திரி படுக்கவும் காலையில் காபி போடவும் வண்டி. மற்றதெல்லாம் டவுன் பஸ், இல்லையென்றால் நடை. முதலில் பையனுக்கு முகம் சுருங்கியது. ஆனால் தேவனாம்பட்டினம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்ததும் குழந்தைகள் இறங்கவே மாட்டோம் என்று அடம்பிடித்தார்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் அண்ணிக்கும் எனக்கும் மருமகளுக்கும் செலவே இல்லை.

தேவனாம்பட்டினத்து வெள்ளி கடற்கரைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காரை நிறுத்தி, சுண்டல் வாங்கி, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் நடந்தால்தான் ஊர் தெரியும். கெடிலம் ஆற்றோரத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. 1690-ல் மராட்டியரிடமிருந்து கோட்டையை வாங்கிய ஆங்கிலேயர்கள், பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் கிராமங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். 1746-க்குப் பிறகு சில வருடங்கள் தென்னிந்தியாவில் அவர்களுக்குத் தலைமையிடமே இதுதான், 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் இடித்துத் தள்ளினார்கள். அங்கிருந்து கடலோரமாகவே வடக்கே தாழங்குடா வரை நடந்தோம். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் குழந்தைகளையும் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார்கள். வலை கரைக்கு வந்ததும் பெண்கள் குனிந்து நெத்திலியைத் தனியாக, காரப்பொடி மீனைத் தனியாக, குட்டி நண்டைத் தனியாகப் பிரித்த வேகம் இருக்கிறதே, கண் அதைத் தொடர்ந்து போக முடியாது! இரண்டு கூறு மீன் வாங்கினோம், பக்கத்திலேயே ஒரு அம்மாவிடம் இட்லி சாப்பிட்டோம். உள்ளேயே சமையலறை வைத்துக்கொண்டு கடலுக்கு முன்னால் நிற்கிற வண்டியால் அந்த அம்மாவுக்கு என்ன வியாபாரம் ஆகப்போகிறது?

அந்தக் குப்பத்துத் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வலை காய்கிறது, ஃபைபர் படகு கவிழ்த்துப் போட்டிருக்கிறது, வாசலில் கருவாடு காய்கிறது. அங்கே கேரவன் திரும்பவேண்டும் என்றால் இதில் ஏதாவது ஒன்றை அகற்றியாக வேண்டும். அப்புறம் ஆமைகள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்த மணலில் முட்டையிட ஏறி வரும் காலம். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்து நகர்கிறவை, கடல் பக்கம் தெரிகிற மங்கிய ஒளிதான் அவற்றுக்கு வழிகாட்டி. வரிசையாக நிற்கும் வண்டிகளின் விளக்கு அவற்றை ஊர்ப் பக்கம் இழுத்துவிடும்.

மறுநாள் புதுச்சேரி பஸ் ஏறி அரியாங்குப்பத்தில் இறங்கி வீராம்பட்டினம் போனோம். அங்கே கால் புதையப் புதைய நடக்கிற அளவுக்கு அகலமான மணல். சாயங்காலம் புதுவை பீச் ரோட்டுக்கு வந்தால் பெரும்பகுதி கருங்கல். "மணல் எங்கே பாட்டி?" என்று சின்னவள் கேட்டாள். இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலை மணலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே போகும். 1980-களின் கடைசியில் இரண்டுக்கும் நடுவில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்குக் கல் சுவர் கட்டினார்கள், மணல் தெற்கிலேயே தங்கிவிட்டது, வடக்கே அரிப்பு. அப்புறம் கடலுக்குள் தடுப்பு போட்டு நகரத்துக்கு எதிரில் கொஞ்சம் மணலை மீட்டிருக்கிறார்கள். ஒரே நாளில் இரண்டு இடத்திலும் கால் வைத்ததால்தான் அந்தக் குழந்தைக்குக் கேள்வியே வந்தது. அதே பீச் ரோட்டில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி விடுவதில்லை, அதனால் கூட்டம் குறைந்தா போய்விட்டது? நடக்கிறவர்களால் நிரம்பி வழிகிறது.

கட்டுரையில் இங்கிலாந்தை உதாரணம் காட்டியிருந்தீர்கள். அங்கே கார்ன்வால், டெவன் பக்கம் கடலோர ஊர்ச் சாலைகள் எவ்வளவு குறுகல் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கேரவனை முகாமில் விட்டுவிட்டு உள்ளூர் பஸ்ஸிலும் கால்நடையாகவும் சுற்றுகிறவர்கள் அங்கே ஏராளம், அவர்களுக்காகவே போல ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளமான கடலோர நடைபாதை இருக்கிறது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். கேரளமும் 2021-ல் கேரவன் சுற்றுலாவை அறிவித்தபோது வண்டிகளுக்கென்று தனிப் பூங்காக்களைச் சேர்த்தே சொன்னது.

இங்கே முதலில் வேண்டியது, கடலிலிருந்து தள்ளி, பஸ் போகும் சாலையை ஒட்டி, தண்ணீரும் மின்சாரமும் உள்ள ஒரு இடம். கழிவுத் தொட்டியைக் காலி செய்ய வசதி கட்டாயம் வேண்டும். எங்கள் வண்டித் தொட்டி நிரம்பியபோது டிரைவர் பக்கத்து வாய்க்காலைக் காட்டினார். நான் விடவில்லை, செப்டிக் டேங்க் லாரியை வரவழைத்துக் காசு கொடுத்துத்தான் எடுத்தோம். எல்லோரும் அப்படிச் செய்வார்களா? வாய்க்கால் போய்ச் சேருவது கெடிலத்தில், கெடிலம் சேருவது நாம் குளிக்கிற கடலில்.

மற்றது பஸ். எந்த நிறுத்தத்தில் இறங்கினால் கடல் எவ்வளவு தூரம், திரும்பக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நிறுத்தத்தில் ஒரு பலகை இருந்தால் வெளியூர்க்காரர்கள் தைரியமாக ஏறுவார்கள். ஒரு குப்பத்தில் கடைசி பஸ் போய்விட்டது தெரியாமல் அண்ணியை வைத்துக்கொண்டு இருட்டில் மெயின் ரோடு வரை நடந்தோம், அவருக்கு முட்டிவலி வேறு. மீன் விற்றுவிட்டுத் திரும்பும் பெண்களுக்கு அது தினசரிப் பாடு. கடலோரத்தில் வண்டி நிறுத்துமிடம் கட்ட ஒதுக்க நினைக்கும் பணத்தில், இரவு 9 மணி வரை கூடுதல் பஸ்ஸும் நிறுத்தங்களில் பெண்கள் போகிற மாதிரி ஒரு கழிப்பறையும் தாருங்கள் என்று உங்கள் இதழ் கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.