ஓ.பி. சீட்டில் பழைய பெயர்

ஆசிரியருக்கு,

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் வசிக்கும் தமிழ்த் திருநங்கை நான். காய்ச்சலுக்குப் போனாலும் அரசு மருத்துவமனையில் என் பழைய பெயரைத்தான் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள். வரிசையே திரும்பிப் பார்க்கிறது. அப்புறம் எந்த வார்டு என்று ஒரு விவாதம். எங்கள் பாலினத்தை நாங்களே சொல்லலாம், மருத்துவமனைகளில் எங்களுக்கு உரிய கவனிப்பு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2014-இல். சீட்டு கவுன்டருக்கு அது இன்னும் வந்து சேரவில்லை போல.

முகம் சுளிக்காத டாக்டர் யார் என்பது ஜமாத்தில், அதாவது திருநங்கைகளான எங்கள் குழுவில், மூத்தவர்கள் சொல்லித்தான் தெரிகிறது. வீட்டைவிட்டு வந்து ஜமாத்திலும் சேராத பிள்ளைகள்? ஹார்மோன் மாத்திரையைக் கடையில் தாங்களே வாங்கி விழுங்குகிறார்கள். ரத்தம் உறையும் ஆபத்து உண்டு என்று அவர்களுக்கு யார் சொல்வது?

மருத்துவமனை உதவி மேசையில் தமிழும் கன்னடமும் பேசும் ஒரு திருநங்கையையே வேலைக்கு வைக்கலாமே. கர்நாடக அரசு வேலைகளில் எங்களுக்கு 1 சதவீத ஒதுக்கீடு 2021-லேயே வந்துவிட்டது.

- ஒரு வாசகி, பெங்களூரு