மங்கோலியா பயணம்: பெட்டி கட்டும் முன் தேதியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பணிப் பரிமாற்றமாக மங்கோலியா கிளம்பும் குழுக்கள் கம்பளிச் சட்டை வாங்குவதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடத் தேதி குறிப்பதில் காட்டுவதில்லை. ஜூலை 11-இல் நாதாம் திருவிழா தொடங்கும். அந்த வாரம் அலுவலகங்களில் ஆள் இருக்காது. பெரும்பாலும் பிப்ரவரியில் வரும் சகான் சார் புத்தாண்டும் அப்படித்தான். சந்திரக் கணக்கு என்பதால் தேதி ஆண்டுக்காண்டு மாறும். கால்நடைத் துறையினருக்கு இன்னொன்று: மார்ச் முதல் மே வரை ஆடுகள் குட்டி போடும் காலம். மேய்ப்பருக்கும் மருத்துவருக்கும் அப்போது மூச்சுவிட நேரமிருக்காது. அதைப் பார்க்கவே போகிறவர்கள் போகலாம். பயிலரங்கு நடத்தப் போகிறவர்கள் ஜூன் மாதத்தையோ செப்டம்பரையோ கேட்டு வாங்குங்கள்.

சென்னையிலிருந்து தலைநகர் உலான்பாதருக்கு நேரடி விமானம் கிடையாது. தனித்தனி டிக்கெட் எடுத்தால் காசு மிச்சமாகலாம். ஆனால் நடுவழியில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டிவரும். விசா இல்லாவிட்டால் அங்கேயே சிக்கல். வசந்த காலப் புழுதிக்காற்றில் விமானங்கள் தாமதமாகும் என்பதால், முதல் கூட்டத்துக்கு முன் ஒரு நாளைக் காலியாக விடுங்கள். விமான நிலையமும் நகரிலிருந்து சுமார் 50 கி.மீ. தள்ளி இருக்கிறது.

அதிகம் சொதப்புவது உரையில்தான். மூத்தவர்களுக்கு ரஷ்ய மொழி தெரியும், இளையவர்களுக்கு ஆங்கிலம். இரண்டும் கலந்த அரங்கில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் முடியாது. நீங்கள் நிறுத்த நிறுத்த அவர் சொல்வதால், 40 நிமிடத்தில் உங்களுக்குக் கிடைப்பது 20 நிமிடம். இதைக் கணக்கிடாதவர்கள் முக்கியமான கடைசிப் பகுதியை விழுங்கிவிடுகிறார்கள். அவர் உங்கள் துறைக்காரராகவும் இருக்கமாட்டார். ஸ்லைடுகளோடு 30, 40 கலைச்சொற்களின் பட்டியலையும் இரண்டு வாரம் முன்பே அனுப்புங்கள். சுருக்கப் பெயர்களை விரித்து எழுதுங்கள். மருந்துக்கு நம்மூர் வணிகப் பெயர் வேண்டாம், மூலப்பெயர் போதும்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு வசதி. மங்கோலியர்களும் நம்மைப் போலவே தந்தை பெயரை முன்னால் வைப்பவர்கள். 2021-இல் அதிபரானவர் உக்னாகீன் குரேல்சுக். உக்னா அவர் தந்தை. சுருக்கமாக எழுதினால் உ. குரேல்சுக். அசல் இனிஷியல்! அழைப்பதும் சொந்தப் பெயரால்தான். ஆகவே முகவரி அட்டையில் இனிஷியலை விரித்துப் பின்னால் போட்டுக் குழப்ப வேண்டாம். அட்டையின் பின்பக்கத்தில் அங்கே புழங்கும் சிரில்லிக் (ரஷ்ய வகை) எழுத்தில் பெயரும் பதவியும் அச்சடித்தால் நல்லது.

குளிர்காலம் என்றால், ஜனவரி இரவில் மைனஸ் 30 டிகிரி சாதாரணம். ஆனால் செப்டம்பர் 15 முதல் மே 15 வரை நகரக் கட்டடங்களில் மைய வெப்பமூட்டல் ஓடுவதால் உள்ளே வியர்க்கும். ஒரே தடித்த கோட்டு உதவாது. கழற்றி மாட்டும்படி மூன்று அடுக்கு தேவை. உள்ளாடை பருத்தியாக இருந்தால் வியர்வை ஈரம் நின்று வெளியே வந்ததும் விறைக்கும். காலணி ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போகும். கேமராவை வெளியிலிருந்து உள்ளே கொண்டுவரும் முன் பிளாஸ்டிக் பையில் இறுக மூடுங்கள், இல்லையேல் லென்ஸுக்குள் நீர் பூக்கும். நிலக்கரிப் புகைக்கு என்-95 முகக்கவசம்.

கெர் கூடாரத்தில் வாசற்படியை மிதிக்கக் கூடாது. எதையும் வலக்கையால் வாங்குங்கள், இடக்கை முழங்கையைத் தாங்கட்டும். தேநீரில் உப்பு இருக்கும். சைவர்கள் ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் துண்டுகளை ஒதுக்கிவிட்டு அதே சூப் வரக்கூடும். சாறும் கொழுப்பும் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். அவலும் பருப்புப்பொடியும் கைகொடுக்கும். புளிக்காய்ச்சல் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் பறிபோகும்.

நம்மூர் மூன்று முனை பிளக் அங்கே பொருந்தாது. ஐரோப்பிய இரட்டை முனை அடாப்டர் ஒன்றும், இங்கிருந்தே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் எடுத்துச் சென்றால் குழுவுக்கே போதும்.

கால்நடை மருத்துவர்கள் சிலர்,
நாமக்கல்.