ரெட்டைப் புள்ளைங்க சமாச்சாரம்

ஏய் புளியங்கா,

உன் மெசேஜ் அன்னைக்கே பாத்துட்டேன், ஆனா நீ கேட்டது ரெண்டு வரில பதில் போடற விஷயமா சொல்லு, அதான் இதுங்க ரெண்டும் ஒரே நேரத்துல தூங்கட்டும்னு காத்திருந்து இப்ப எழுதறேன். உங்கம்மா முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு கேட்டு நிம்மதி, மாடிப்படி மட்டும் ஏற விடாத. ஓசூர்ல வாடகை ஏறின கதைய எங்க வூட்டுக்காரருக்கு படிச்சு காட்டினேன், "பாலக்கோட்டுக்கே வந்துட சொல்லு"ன்னு சிரிச்சாரு. அதெல்லாம் இருக்கட்டும், உன் நாத்தனாருக்கு ரெட்டைன்னு எழுதி இருந்தியே, ஏழாம் மாசம், பர்கூர்ல அம்மா வீட்டுக்கு வந்திருக்கா, எங்க பிரசவம் பாக்கறதுன்னு இன்னும் முடிவாகலன்னு, அத படிச்சதும் எனக்கு கை பரபரன்னு ஆயிடுச்சு.

முதல்ல அதயே சொல்லிடறேன். ரெட்டைன்னா நாப்பது வாரம் எல்லாம் நிக்காதுடி, பாதிக்கு மேல 37 வாரத்துக்கு முன்னாடியே வந்துடுதுங்க. அதனால எங்க பாக்கறதுன்னு இந்த வாரமே முடிவு பண்ண சொல்லு, ஒன்பதாம் மாசம் பாத்துக்கலாம்னு இருக்க வேணாம். குழந்தைங்க டாக்டர் கூப்பிட்டா வருவாருன்னு சொல்ற இடம் பத்தாது, என்ஐசியூ, அதான் பச்சப் புள்ளைங்களோட தீவிர சிகிச்சை வார்டு, அதே கட்டடத்துல இருக்கா, மூச்சு விட உதவற சிபேப் மிஷின் இருக்கா, ராத்திரில அதுக்குன்னு நர்ஸ் இருக்காங்களான்னு வாய் விட்டு கேக்கணும். புள்ளைய சூடா வச்சுக்கற வார்மர் ஒரே நேரத்துல ரெண்டு கிடைக்குமான்னும் கேக்கணும், ஏன்னா உங்களுக்கு வேண்டியது ரெண்டு. போலுப்பள்ளில 2022ல திறந்த மெடிக்கல் காலேஜ் அவங்களுக்கு பக்கம் தானே, அங்க ஒரு தடவ போயி காட்டி, கர்ப்பத்த பதிஞ்சப்ப குடுத்த பிக்மி நம்பர், ஸ்கேன் எல்லாம் ஒரே ஃபைல்ல வச்சுக்க சொல்லு.

நான் காட்டிட்டு இருந்தது இங்க ஊர்ல சின்ன ஆஸ்பத்திரி, டாக்டரம்மா தங்கமானவங்க, ஆனா அங்க இந்த வசதி கிடையாது. 33 வாரம் முடிஞ்சு ரெண்டு மூணு நாள் இருக்கும், ராத்திரி சாப்ட்டு கை கழுவறேன், பனிக்குடம் உடைஞ்சு தண்ணி கொட்டுது. வலியே இல்ல, அதான் பயமா இருந்துச்சு. அந்தம்மா பாத்துட்டு இங்க வச்சு பாக்க முடியாது, தர்மபுரிக்கு போங்கன்னாங்க, ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி தொடைல ஒரு ஊசி போட்டாங்க பாரு, அதுக்கு நான் அவங்க கால்ல விழணும். டெக்ஸாமெத்தசோன். புள்ளைங்க நுரையீரல் சீக்கிரம் முத்தறதுக்கு அம்மாவுக்கு போடறது, 12 மணி நேரத்துக்கு ஒன்னுன்னு நாலு ஊசி. எனக்கு மூணு போட்டதுக்கு அப்புறம் வலி எடுத்துடுச்சு. 108ல போகும்போது கூட வந்த ஆம்புலன்ஸ் பையன் சொன்னான், குழந்தை பொறந்ததுக்கு அப்புறம் தூக்கிட்டு ஓடறத விட வயித்துக்குள்ள வச்சே கூட்டிட்டு போறது ஆயிரம் மடங்கு மேல், அக்கான்னு. எனக்கு அப்ப இருந்த ஒரே பயம் தர்மபுரிலயும் இடம் இல்லன்னு சேலத்துக்கு தள்ளிடுவாங்களோன்னு தான், ராத்திரில தொப்பூர் கணவாய் நெனச்சாலே வயித்த கலக்கும்ல. நல்ல வேள இடம் இருந்துச்சு.

ரெண்டாவது புள்ள குறுக்க இருந்ததால சிசேரியன். பாப்பா முதல்ல, 1.58 கிலோ. தம்பி அடுத்து, 1.94. வெளிய நின்னவங்க எல்லாம் எடைய கேட்டதும் தம்பி பரவால்ல, பாப்பா தான் பாவம்னு முடிவு பண்ணிட்டாங்க. நடந்தது நேர்மாறு. பாப்பா பொறந்ததும் அழுதா, ஆக்சிஜனே தேவப்படல. தம்பி தான் ஒவ்வொரு மூச்சுக்கும் முனகறான், நெஞ்சுக்கூடு உள்ள வாங்குது, மூக்கு விரியுது. நுரையீரல்ல சின்னச் சின்ன காத்துப்பைங்க ஒட்டிக்காம இருக்க ஒரு வழவழப்பான பொருள் ஊறணுமாம், சர்ஃபேக்டன்ட்ன்னு பேரு, குறைமாசத்துல அது பத்தாது. அதுலயும் ஆம்பள புள்ளைங்களுக்கு பொம்பள புள்ளைங்கள விட லேட்டாவும், ரெட்டைல ரெண்டாவதா வர்றதுக்கு மூச்சு கஷ்டம் அதிகமாவும் இருக்குமாம். எங்க தம்பி ரெண்டு கணக்குலயும் மாட்டினவன். மூச்சுக்குழாய்ல டியூப் விட்டு அந்த மருந்த குடுத்தாங்க, அப்புறம் சிபேப்.

சிபேப்ன்னா மூக்குல சின்ன குழாய், தலைல குல்லா போட்டு அத கட்டி இருப்பாங்க, இன்னொரு முனை தண்ணி பாட்டில்ல முங்கி இருக்கும். ராகி களிக்கு ஒலை வச்சா கொதிக்குமே அந்த மாதிரி நாள் பூரா குடுகுடுகுடுன்னு சத்தம். முதல் தடவ வீல் சேர்ல தள்ளிட்டு போனப்ப அந்த சத்தம் கேட்டு எனக்கு உயிரே போச்சு, ரெண்டு நாள் கழிச்சு அந்த சத்தம் நின்னா தான் பயம்னு ஆயிடுச்சு. கால்ல சேப்பு லைட் எரியற ஒரு பட்டி கட்டி இருப்பாங்க, அதுல ஆக்சிஜன் அளவு. நான் பைத்தியம் மாதிரி அதயே பாத்துட்டு, 92 தான் இருக்கு, இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்களேன்னு நர்ஸக்காவ கெஞ்சுவேன். அவங்க தான் உக்கார வச்சு சொன்னாங்க, ஆக்சிஜன் குடுக்கறப்ப 90ல இருந்து 95 வரைக்கும் வச்சா போதும், அதிகமா போனா கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் கெட்டுடும்னு. நமக்கு ஆக்சிஜன்னா எவ்ளோ இருந்தாலும் நல்லதுன்னு தானே நெனப்பு.

உன் நாத்தனாருக்கு இத முன்கூட்டியே சொல்லி வை, பயப்படுத்தற மாதிரி இல்லாம. தம்பி திடீர்னு மூச்சு விட மறந்துடுவான். நெசமா தான்டி. மிஷின் கத்தும், நர்ஸக்கா ஓடிவந்து உள்ளங்கால்ல ஒரு சுண்டு சுண்டுவாங்க, மறுபடியும் விடுவான். மூளைல அந்த இடம் இன்னும் முத்தலையாம். அதுக்கு மருந்து என்ன தெரியுமா, காஃபின், காபில இருக்கற அதே சமாச்சாரம். எங்க மாமியார் இத கேட்டுட்டு வார்டு பூரா சொல்லிட்டு வந்தாங்க, "எம் பேரனுக்கு காபி ஏத்தறாங்கோ"ன்னு.

மாமியார் பத்தி சொன்னா ராத்திரி பூரா எழுதலாம். நல்லவங்க தான், வார்டு வாசல்ல பாய் போட்டு படுத்தே கெடந்தாங்க. ஆனா உறம்பரக்காரங்க ஒரு கெழவி பாக்க வந்துட்டு, "பொட்டப் புள்ள எப்பிடியும் பொழச்சிக்கும், ஆம்பளப் புள்ளய பாரு"ன்னு என் முன்னாடியே சொல்லிச்சு. நம்ம ஊரு சங்கதி உனக்கு தெரியாததா, 1992ல சேலத்துல ஆரம்பிச்ச தொட்டில் குழந்தை திட்டத்த 2001ல தர்மபுரிக்கும் கொண்டாந்தாங்களே, எதுக்கு கொண்டாந்தாங்க? பொட்டப் புள்ளைய பொறந்ததும் கொன்னுடாம அரசாங்கத் தொட்டில்ல விட்டுட்டு போகத்தானே. எனக்கு தையல் வலிக்குது, இல்லன்னா எந்திரிச்சு என்ன பண்ணி இருப்பேன்னு தெரியாது. மாமியார் தான் அந்த கெழவிய கைய புடிச்சு வெளிய கூட்டிட்டு போனாங்க, அன்னைல இருந்து அவங்க மேல எனக்கு ஒரு மரியாத.

பால் தான் பெரிய போராட்டம். 34 வாரம் ஆகற வரைக்கும் சப்பி, முழுங்கி, மூச்சு விடறது மூணையும் சேத்து பண்ண வராது, அதனால வாய் வழியா குழாய், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ ரெண்டு மில்லி. ரெண்டு மில்லி! அதுவே முதல்ல எனக்கு வரல. ஆபரேஷன், தூக்கம் இல்ல, புள்ளைங்க பக்கத்துல இல்ல, எங்க இருந்து ஊறும். நர்ஸக்கா கையால பீச்ச சொல்லிக் குடுத்தாங்க, சி எழுத்து மாதிரி விரல வச்சு பின்னாடி அமுத்தி முன்னாடி கொண்டு வரணும். போன்ல தம்பி போட்டோவ எதிர்ல சாச்சு வச்சுட்டு பீச்சினேன், மஞ்சளா சீம்பால், சிரிஞ்சுல அடி கூட நெறையல, அந்த அக்கா அத ஒரு சொட்டு சிந்தாம எடுத்துட்டு போனாங்க. குறைமாசத்து அம்மாவுக்கு ஊறற பால்ல புரதம் கூடுதலா இருக்குமாம், பவுடர் பாலுக்கு அது வராது. அப்புறம் குழாய எடுத்துட்டு பாலாடைல குடுத்தோம். இந்த நேரத்துல தான் தெருல கழுதப்பால்காரன் வந்தான், ஒரு சங்கு ஊத்தினா மஞ்சக்காமாலை வராதுன்னு மாமனார் வாங்கி வைக்கறேன்றாரு, போன்லயே கத்தினேன். தேன், சேனை, வசம்பு, சாம்பிராணி பொகை, எதுவும் கிட்ட வரக்கூடாது. பாப்பாவுக்கு மஞ்ச வரத்தான் செஞ்சுது, கண்ண கட்டி நீல லைட்ல வச்சாங்க, சரியாச்சு. காலைல வெயில்ல காட்டினா போதும்னு சொல்றத எல்லாம் நம்பாத.

எடை இருக்கே, அது ஒரு வியாதி. பொறந்ததும் கொறையும், எல்லாருக்கும் கொறையும், பாப்பா 1.45க்கு வந்துட்டா. பத்து பதினஞ்சு நாளுக்குள்ள பொறந்த எடைக்கு திரும்பிட்டா போதும். ஆனா வெளிய ஒக்காந்திருக்கற அம்மாங்க எல்லாம் காலைல ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்து "எத்தன கிராம்?"னு தான் கேப்போம். 20 கிராம் ஏறினா இட்லி உள்ள போகும், 10 கொறஞ்சா டீ கூட எறங்காது. நான் சொல்றேன், ரெட்டைக்காரி அந்த கூட்டத்துல ஒக்காரவே கூடாது, ஏன்னா நமக்கு வீட்டுக்குள்ளயே ஒப்பிட ஆள் இருக்கு. அவ ஏறினா இவன் ஏன் ஏறலன்னு. இவன் குடிச்சா அவ ஏன் கக்கினான்னு. ரெண்டும் ஒரே வயித்துல இருந்துச்சுங்க, அதுக்காக ஒரே வேகத்துல வளரணும்னு எந்த சட்டமும் இல்ல, ஆனா மனசு கேக்காது.

பாப்பா சீக்கிரமே என் கூட கங்காரு வார்டுக்கு வந்துட்டா, தம்பி உள்ளயே. அந்த ஒரு வாரத்துக்கு மேல நான் பட்ட பாடு வேற எதுலயும் படல. இவ நெஞ்சுல தூங்கறா, அவன் கண்ணாடிக்கு அந்தாண்ட குழாயோட. இவள கீழ வச்சா பாவம், அவன பாக்கலன்னா பாவம். கங்காருன்னா தெரியும்ல, துணி இல்லாம தோலோட தோல் ஒட்ட நெஞ்சுல வச்சுக்கறது, குல்லா, சாக்ஸ், டயப்பர் மட்டும். 1978ல கொலம்பியா நாட்டுல பொகோட்டால வார்மர் பத்தாத ஆஸ்பத்திரில ஆரம்பிச்சதாம், இப்ப உலக சுகாதார நிறுவனமே பொறந்த உடனே ஆரம்பிங்கன்னு 2022ல சொல்லி இருக்கு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரமாவது வைக்கணும், நான் ஒருத்தி ரெண்டு பேருக்கு எப்பிடி? அதனால தம்பிக்கு சிபேப் எடுத்ததும் எங்க வூட்டுக்காரர உள்ள கூப்ட்டாங்க. காலைல மண்டில தக்காளி கிரேட் எறக்கிட்டு, குளிச்சு, மோதிரம் வாட்ச் கழட்டி, முழங்கை வரைக்கும் சோப்பு போட்டு கழுவி, சட்டை பட்டன தெறந்து விட்டு சேர்ல சாஞ்சாரு. நெஞ்சுல தம்பிய வச்சு துணி சுத்தினாங்க. 25 கிலோ கிரேட்ட ஒத்தக்கைல தள்ற ஆளு, ரெண்டு கிலோ கூட இல்லாதத வச்சுகிட்டு ஒரு மணி நேரம் அசையல. தும்மல் வந்துச்சு போல, மூஞ்சி கோணுது, கண்ணு கலங்குது, அப்பிடியே முழுங்கிட்டாரு. மிஷின்ல 95. நர்ஸக்கா "அண்ணா மூச்சு விடுங்க, புள்ள நல்லா தான் விடறான்"னாங்க.

வீட்டுக்கு 102 வண்டில தான் கொண்டாந்து விட்டாங்க. அதோட முடியல. 2 கிலோக்கு கம்மின்னா பொறந்து 30 நாளுக்குள்ள கண்ணுல விழித்திரை டெஸ்ட் கண்டிப்பா பண்ணணும், அத தள்ளிப் போட்டா பார்வையே போயிடலாம், அப்புறம் ஒன்னும் பண்ண முடியாது, இத மட்டும் உன் நாத்தனார் வீட்டுக்காரர் போன்ல அலாரம் வச்சு குடு. சொட்டு மருந்து விட்டு க்ளிப் போட்டு இமைய தெறப்பாங்க, அந்த அழுகைய நான் வெளிய நின்னு தான் கேட்டேன், உள்ள போக முடியல. தம்பிக்கு இன்னும் முத்தல, ரெண்டு வாரம் கழிச்சு வாங்கன்னாங்க, அப்புறம் சரின்னுட்டாங்க. காது டெஸ்ட்டும் ஆச்சு. இப்ப வைட்டமின் டி சொட்டு, இரும்பு சொட்டு. தடுப்பூசி பொறந்த தேதிய வச்சு, ஆனா கழுத்து நிக்கறது, குப்புற விழறது எல்லாம் டாக்டர் குறிச்ச தேதில இருந்து எண்ணணும். பக்கத்து வீட்டு அக்கா "எங்க புள்ள இந்நேரத்துக்கு கழுத்து நின்னுடுச்சே"ன்னு தெனம் ஒரு தடவ சொல்லிட்டு போகும், நான் சிரிச்சுட்டே வெந்நீர் போட உள்ள போயிடுவேன்.

கிராம செவிலியர் அக்கா வந்து எடை போட்டாங்க. பாப்பா 3.1, தம்பி 3.4. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டப் பணம் ஒரு தவணை வந்துச்சு, கிட்ல வந்த நெய்ய மாமியார் எனக்கே ஊத்தி ஊத்தி நான் தான் நல்லா ஏறி இருக்கேன்.

உன் நாத்தனாரோட கடைசி ஸ்கேன் ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பு, நஞ்சுக்கொடி ரெண்டுக்கும் சேத்து ஒன்னா, தனித்தனியா ரெண்டான்னு அதுல எழுதி இருக்கும், ஒன்னுன்னா இன்னும் அடிக்கடி ஸ்கேன் பாக்கணும், டாக்டர்கிட்ட அத கேட்டாளான்னு விசாரி. என் பால் பம்ப் இப்ப சும்மா தான் கெடக்கு, வியாழக்கிழம அவரு கிருஷ்ணகிரிக்கு லோடு எடுத்துட்டு வராரு, அதுல குடுத்து விடறேன். பாட்டிலையும் ரப்பரையும் புதுசா வாங்கிக்க சொல்லு, மோட்டார் நல்லா ஓடுது, சார்ஜர் ஒயர் மட்டும் லூசா இருக்கும், கொஞ்சம் சாச்சு புடிச்சா ஏறும்.

உன்,
வாயாடி