ஆறாயிரம் கோடி சரிங்க, மொரப்பூர் லைனுக்கு எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் மறுநாள் உங்க பேப்பர்ல பெருசா ஒரு தொகை வருது. 2025-26க்கு தமிழ்நாட்டு ரயில்வே வேலைகளுக்கு 6,626 கோடி, அதுக்கு முந்தின வருஷம் 6,362 கோடி, கூடவே 2009லருந்து 2014 வரைக்கும் வருஷத்துக்கு சராசரியா 879 கோடி தான் வந்துச்சு இப்ப ஏழு மடங்குக்கு மேல ஆயிடுச்சுன்னு ரயில்வே மந்திரி சொன்னதையும் போடுறீங்க. அவர் சொன்னா போட்டு தானே ஆகணும், அதுல குத்தம் சொல்ல வரல. ஆனா தர்மபுரி மாவட்டத்துக்காரன் அத படிச்சிட்டு டீக்கடைல கேக்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணு தான், இதுல மொரப்பூர் - தர்மபுரி லைனுக்கு எவ்வளவு? அந்த பதில் மட்டும் செய்தில கிடைக்க மாட்டேங்குது.

வெளியூர்க்காரங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். தர்மபுரில ஸ்டேஷன் இருக்கு, இல்லாம இல்ல, ஆனா அது ஓமலூர்ல இருந்து ஓசூர் வழியா பெங்களூர் போற லைன். சென்னை போற மெயின் லைன் மொரப்பூர் வழியா போகுது. நடுவில 36 கிலோமீட்டர் தண்டவாளம் கிடையாது. அதனால தர்மபுரிக்காரன் சென்னைக்கு ட்ரெயின்ல போகணும்னா பஸ் புடிச்சு மொரப்பூர் வந்து ஏறணும், திரும்பி வரப்ப ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல விடியறதுக்கு முன்னாடி மொரப்பூர்ல இறங்கிட்டு முதல் பஸ்ஸுக்கு பையை தலைக்கு வெச்சு பிளாட்பாரத்துல படுத்து கிடக்கணும். கைக்குழந்தையோட இறங்குறவங்கள பாத்தா பாவமா இருக்கும். இன்னொரு கூத்து, தர்மபுரி ஸ்டேஷன் தென்மேற்கு ரயில்வேல பெங்களூர் டிவிஷன், மொரப்பூர் தெற்கு ரயில்வேல சேலம் டிவிஷன். ஒரே மாவட்டத்துக்கு ரெண்டு ரயில்வே, யார்கிட்ட மனு கொடுக்கிறதுன்னே பாதி பேருக்கு தெரியாது.

இது புதுசா கேக்கிற லைனும் இல்லீங்க. 1906லயே வெள்ளக்காரன் மொரப்பூர்ல இருந்து தர்மபுரிக்கு ரெண்டரை அடி அகலத்துல குட்டி ரயில் விட்டான், அப்புறம் அத ஓசூர் வரைக்கும் இழுத்தான். லாபம் பாத்து போட்ட லைன் கிடையாது அது, பஞ்சம் வந்தா தானியம் கொண்டு வர்றதுக்காக போட்டது. 1941ல யுத்த நேரத்துல அத மூடி தண்டவாளத்தையும் பேத்துட்டாங்க, அதோட போச்சு. அந்த பழைய பாதை மேல தர்மபுரி டவுன் பக்கம் வீடு கடைன்னு வளந்து நிக்குது, அதனால புது லைனுக்கு வேற வழியா பட்டா நிலம் எடுத்தா தான் ஆகும்னு ஆயிடுச்சு. அப்ப பாதையை காலி விட்டு வெச்சிருந்தா இன்னைக்கு இந்த லெட்டரே எழுத வேண்டியதில்ல.

2016-17ல லைனுக்கு அனுமதி வந்துச்சு, எஸ்டிமேட் 358.95 கோடி. 2019 மார்ச்ல, லோக்சபா எலக்‌ஷன் அறிவிப்பு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருந்த நேரத்தில அடிக்கல் நாட்டினாங்க, பந்தல் போட்டு மேளம் எல்லாம் வெச்சு. அதுக்கப்புறம் எத்தனை எலக்‌ஷன் வந்துட்டு போச்சு, எல்லா கட்சி வேட்பாளரும் இந்த லைன சொல்லி தான் ஓட்டு கேட்டாங்க. இப்ப சிமெண்ட் விக்கிற விலைக்கு அந்த 358 கோடி எந்த மூலைக்குன்னு தெரியல.

சரி காசு விஷயத்துக்கு வரேன். ரயில்வேல பிங்க் புக்னு ஒண்ணு இருக்கு, எந்த வேலைக்கு இந்த வருஷம் எவ்வளவுன்னு லைன் லைனா அதுல தான் இருக்கும். முன்னாடி ரயில்வே பட்ஜெட் தனியா வந்தப்ப எல்லாரும் உக்காந்து கேப்போம், 2017ல அத பொது பட்ஜெட்டோட சேத்துட்டாங்க, அதுலருந்து மந்திரி வீடியோல வந்து மாநிலத்துக்கு இவ்வளவுன்னு மொத்தமா ஒரு தொகை சொல்லிட்டு போறதோட செய்தி முடிஞ்சுடுது. பிங்க் புக் பின்னாடி வரும், அதுக்குள்ள சூடு ஆறி போயிருக்கும். அந்த புக்க தொறந்து பாத்தா சில வருஷம் தமிழ்நாட்டு புது லைன் பலதுக்கும் தலைக்கு ஆயிரம் ரூபா போட்டிருந்தாங்க. ஆயிரம் கோடின்னு நினைக்காதீங்க, வெறும் ஆயிரம் ரூபா, மொரப்பூர்ல ரெண்டு பேர் நாள் கூலிக்கு கூட காணாது. அது எதுக்குன்னா திட்டத்தோட பேர் புக்ல இருந்து அடிபடாம இருக்கணும், பேர் போயிட்டா திரும்ப முதல்லருந்து அனுமதி வாங்கணும், அதுக்காக உசிர புடிச்சு வெக்கிற காசு அது.

மொத்த தொகை எவ்வளவு ஏமாத்தும்னு பாக்கணும்னா 2024 கணக்க எடுங்க. பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்ல தமிழ்நாட்டுக்கு 6,331 கோடின்னு சொன்னாங்க, அதுல புது லைன்களுக்கு 976 கோடி இருந்துச்சு. ஜூலைல முழு பட்ஜெட் வந்தப்ப மொத்த தொகை 6,362 கோடி ஆயிடுச்சு, கூடுதல் தான், ஆனா புது லைன்களுக்கு 301 கோடின்னு இறங்கிடுச்சு. மேல இருக்கிற நம்பர் ஏறுது, கீழ எங்களுக்கு வர வேண்டியது மூணுல ஒரு பங்கு ஆகுது. அந்த மொத்தத்துக்குள்ள ரெட்டை பாதை வேலை, கரண்ட் வேலை, ஸ்டேஷனுக்கு புது முகப்பு கட்டுற அம்ரித் பாரத் வேலை எல்லாம் வருது. அதெல்லாம் வேணாம்னு சொல்லல, ஆனா ரயிலே வராத ஊருக்கு பக்கத்து ஊர் ஸ்டேஷன் முகப்பு என்னத்துக்கு ஆகும்.

ஏன் குறைச்சீங்கன்னு கேட்டா டெல்லில ரெடியா ஒரு பதில் இருக்கு, தமிழ்நாடு நிலம் எடுத்து கொடுக்கல. வேண்டிய நிலத்துல சுமார் கால்வாசி தான் கைக்கு வந்திருக்குன்னு பார்லிமென்ட்லயே சொல்றாங்க. சென்னைல கேட்டா, 19 திட்டத்துக்கு 2,500 ஹெக்டேருக்கு உத்தரவு போட்டாச்சு அதுல பாதிய எடுத்து ரயில்வேகிட்ட ஒப்படைச்சாச்சு, மீதி நிக்கிறது ரயில்வே காசு கட்டாததால தான்னு சொல்றாங்க. ஒருத்தர் கால்வாசிங்கிறார் ஒருத்தர் பாதிங்கிறார். யாரும் பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லல, இவங்க ஒரு லிஸ்ட வெச்சு பேசுறாங்க அவங்க ஒரு லிஸ்ட வெச்சு பேசுறாங்க, ரெண்டு லிஸ்ட்டும் நம்ம கையில கிடையாது.

நடுவில என்ன நடக்குதுன்னா, நிலம் இல்லாததால ஒதுக்கின காசு செலவாகாது, செலவாகாத காசு வருஷ கடைசில வேற வேலைக்கு போயிடும், போன வருஷமே செலவு பண்ணல இந்த வருஷம் எதுக்குன்னு அடுத்த ஒதுக்கீட்டுல கை வெப்பாங்க, காசு குறைஞ்சா நில எடுப்புக்கு கட்ட பணம் பத்தாது, பணம் கட்டலன்னா தாசில்தாரும் சர்வேயரும் இருக்கிற அந்த தனி யூனிட்டு நகராது, யூனிட்டு நகரலன்னா நிலம் வராது. செக்குமாடு மாதிரி இதையே சுத்தி சுத்தி வருது. இதுல 2013 நில எடுப்பு சட்டத்துல ஒரு கெடு வேற இருக்கு, முதல் அறிவிப்பு வந்து 12 மாசத்துக்குள்ள அடுத்த கட்ட பிரகடனம் போடலன்னா அந்த அறிவிப்பே காலாவதி ஆயிடும். அப்புறம் முதல்லருந்து அறிவிப்பு, ஆட்சேபணை, விசாரணை. ஆள் மாறுதலுக்கும் சர்வேயர் இல்லாததுக்கும் அந்த 12 மாசம் எந்த மூலைக்கு.

சரி நிலம் தான் காரணம்னே வெச்சுக்குவோம். அப்ப மதுரை - போடி லைன் ஏன் அவ்வளவு வருஷம் ஆச்சு? அது புது லைனே இல்ல, ஏற்கனவே மீட்டர் கேஜ் ஓடிட்டிருந்த 90 கிலோமீட்டர், பாதைக்கு நிலம் ரயில்வே கையிலயே இருந்துச்சு. 2010 கடைசில ரயில நிறுத்தினாங்க, தேனி வரைக்கும் ரயில் வந்தது 2022 மே மாசம், போடிக்கு வந்தது 2023 ஜூன். அங்க எந்த விவசாயி குறுக்க படுத்தான்? வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா காசு விட்டாங்க, வேலை கொஞ்சம் கொஞ்சமா நடந்துச்சு, அவ்வளவு தான். ஏலக்காய் ஊர்க்காரன் பன்னெண்டு வருஷம் பஸ்லயே போனான். அதே ரயில்வே தான் பாம்பன்ல கடலுக்கு நடுவில தூக்கு பாலம் வெச்சு ரெண்டு கிலோமீட்டருக்கு மேல புது பாலம் கட்டுச்சு, 550 கோடி பக்கம் செலவு, 2019ல அடிக்கல், நடுவில கொரோனா, 2025 ஏப்ரல்ல திறந்தாச்சு. கடல்ல முடியுது, மொரப்பூருக்கு முடியல.

ஒரு வேடிக்கையும் சொல்லணும். 2025 ஜனவரில மதுரை - தூத்துக்குடி லைன தமிழ்நாடு அரசே வேணாம்னு சொல்லிடுச்சுன்னு மந்திரி சொன்னதா செய்தி வந்து அருப்புக்கோட்டை பக்கமெல்லாம் கொதிச்சு போனாங்க, நாங்க எப்ப சொன்னோம்னு மாநில மந்திரி மறுத்தார், அப்புறம் ரயில்வே விளக்கம் கொடுத்துச்சு, சத்தத்துல தனுஷ்கோடிங்கிறது தூத்துக்குடின்னு மாறி போச்சாம். 143 கிலோமீட்டர் லைன் உசிரோட இருக்கா செத்துடுச்சான்னு ஒரு பேட்டில காதுல விழுறத வெச்சு தெரிஞ்சுக்க வேண்டிய நிலைமைல ஜனங்கள வெச்சிருக்காங்க. ஒவ்வொரு லைனுக்கும் நிலவரம் எழுதி போட்டிருந்தா இந்த குழப்பம் ஒரு மணி நேரத்துல தீந்திருக்கும்.

நில எடுப்புன்னு சொல்றப்ப நிலத்துக்காரன் பக்கம் யாரும் பாக்கிறதில்ல. எங்க தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்து அண்ணன் ஒருத்தர், குச்சிக்கிழங்கும் கொஞ்சம் மஞ்சளும் போடுறவர். அவர் நிலத்துல குறுக்க அளந்து கல்லு நட்டுட்டு போயிட்டாங்க, அந்த கோட்டுக்கு இந்தப்பக்கம் கிணறு, அந்தப்பக்கம் நிலம். கல்லு நட்ட நாள்லருந்து அவர் அந்த கிணத்த தூர் வாரல, புது மோட்டார் வாங்கல, சொட்டு நீர் போடல, எதுக்கு போட்டு வேஸ்ட் பண்ணணும்னு. பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு ஏக்கரா விக்கலாம்னு பாத்தா ரயில் போற நிலம்னு எவனும் பக்கத்துல வர மாட்டேங்கிறான், வந்தவனும் பாதி விலைக்கு கேக்கிறான், கடன் கேட்டு போனா அந்த சர்வே நம்பர பாத்ததும் யோசிக்கிறாங்க. அவர் ரயிலுக்கு எதிரி கிடையாதுங்க, அவர் பையனே பெங்களூர்ல வேலை பாக்கிறான். அவர் கேக்கிறது, "எடுக்கிறதுன்னா எடு, காச கையில குடு, நான் வேற பக்கம் நிலம் வாங்கிக்கிறேன், இல்ல கல்ல புடுங்கிட்டு போ." இதுக்கு பதில் சொல்ல வேண்டியது டெல்லியா சென்னையான்னு எனக்கு தெரியல, அவருக்கு ரெண்டும் ஒண்ணு தான்.

பக்கத்துல கர்நாடகால பல லைனுக்கு பாதி செலவையும் நிலத்தையும் மாநிலமே ஏத்துக்குது. நம்மளும் பாதி காசு போடணுமான்னு கேட்டா, மத்திய அரசு செய்ய வேண்டிய வேலைக்கு நாம ஏன் போடணும்னு ஒரு நியாயம் இருக்கு, அதுல எனக்கும் உடன்பாடு தான். ஆனா நில எடுப்பு யூனிட்டுக்கு முழுசா ஆள் போடுறது, சர்வேயர நடுவில மாத்தாம வெக்கிறது, இதுக்கு டெல்லி தயவு வேண்டியதில்லையே, அத கூடவா செய்ய முடியாது?

உங்ககிட்ட கேக்கிறது இது தான். அடுத்த பட்ஜெட்டுக்கு அந்த பெரிய தொகைய போடுங்க, அதுக்கு கீழ ஒரு கட்டம் போட்டு லைன் லைனா போடுங்க: எந்த வருஷம் அனுமதி, மொத்த எஸ்டிமேட் எவ்வளவு, இதுவரைக்கும் செலவு எவ்வளவு, போன வருஷம் ஒதுக்கினதுல திரும்பி போனது எவ்வளவு, நிலம் எத்தனை ஹெக்டேர் வேணும், கைக்கு வந்தது எத்தனை. பாதி விஷயம் பிங்க் புக்ல இருக்கு, மீதிய ரயில்வே கன்ஸ்ட்ரக்‌ஷன் ஆபீஸ்லயும் கலெக்டர் ஆபீஸ்லயும் ஆர்டிஐ போட்டு வாங்கலாம். தனி மனுஷன் போட்டா இழுத்தடிப்பாங்க, பேப்பர் போட்டா கொஞ்சம் பயம் இருக்கும். எங்க எம்பிக்கும் எம்எல்ஏக்களுக்கும் கூட அது உபயோகமா இருக்கும், மேடைல யார் மேல பழி போடுறதுன்னு யோசிக்காம கேள்விய சரியான ஆள்கிட்ட கேக்கலாம்.

அந்த கட்டத்துல கிருஷ்ணகிரிக்கும் ஒரு வரி விடுங்க. அவங்களுக்கும் திருப்பத்தூர்ல இருந்து குட்டி ரயில் வந்துட்டிருந்துச்சு, அதுவும் அதே யுத்த காலத்துல போச்சு, இன்னைக்கு மாவட்ட தலைநகரா இருந்தும் டவுன்ல ஸ்டேஷனே கிடையாது. ஜோலார்பேட்டை - கிருஷ்ணகிரி - ஓசூர் லைன்னு சர்வே மேல சர்வே எடுத்துட்டு தான் இருக்காங்க.

இப்படிக்கு,
மொரப்பூர் பக்கத்து வாசகர் ஒருவர்